குரல் போய்விட்டது என்று எழுதியிருந்தாய்

பெரம்பூர், சென்னை
ஐப்பசி 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கிடைத்தது. தைராய்டு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அது வெறும் கட்டிதான் என்று படித்ததும் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தாயே, அதுதான் என்னை விடவில்லை. குரல் கரகரத்துவிட்டது, மேல் ஸ்தாயி எட்டவில்லை, இந்த வருஷம் மார்கழி பஜனைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன் என்று. அதற்கு அடுத்த வரியிலேயே, நான் இன்னும் அந்த மூன்று கார்டு (கிட்டாரில் சில சுரங்களைச் சேர்த்து மீட்டும் கூட்டு) அமெரிக்கப் பாட்டுகளையும் பங்க் ராக் கூச்சலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேனா, எழுபதை நெருங்கும் வயதில் அதில் என்னதான் இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் படுகிறது.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். மகன் ஜூன் மாதம் ஜெர்சி சிட்டி வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டான். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. அங்கே விட்டுவந்த தோழியை நினைத்து முதல் இரண்டு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இப்போது கிட்டார் கற்றுக்கொள்கிறாள். அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பொன்மலையில் நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்வரிசையில் ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் வீடு இருந்தது, நினைவிருக்கிறதா? பணிமனைச் சங்கு ஊதி, எல்லோரும் சைக்கிளில் வீடு திரும்பிய பிறகு அவர் திண்ணையில் ரெக்கார்டு போடுவார். அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்த கன்ட்ரி இசையின் பாடகர் ஜிம் ரீவ்ஸ். ஒரு வார்த்தையும் புரியாமல் மதில் மேல் உட்கார்ந்து நாம் கேட்டோம். நீ அன்று ராத்திரியே அந்த மெட்டை அப்படியே திருப்பிப் பாடினாய். அந்த மனிதர் 1964-இலேயே நாஷ்வில் அருகே விமான விபத்தில் இறந்துபோனார் என்பது நமக்குத் தெரியாது. இலங்கை வானொலியில் அத்தனை நெருக்கமாகப் பாடிக்கொண்டிருந்தவர் உயிரோடு இல்லை என்று யார்தான் நினைப்பார்கள்!

அந்தக் கன்ட்ரி இசையின் தொடக்கத்திலும் ஒரு ரயில்வேக்காரர்தான் இருக்கிறார் என்பதைப் பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். ஜிம்மி ராட்ஜர்ஸ் ரயிலில் பிரேக்ஸ்மேன் வேலை பார்த்தவர். காசநோய் வந்ததும் பாட்டையே தொழிலாக்கிக்கொண்டார். 1927-இல் விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் பிரிஸ்டல் என்ற ஊரில் கருவிகளை இறக்கி, அக்கம்பக்கத்து மலைக்கிராமங்களில் யார் பாடினாலும் வாருங்கள் என்று அழைத்தார். டென்னஸிக்கும் வர்ஜீனியாவுக்குமான எல்லைக்கோடு அந்த ஊரின் கடைத்தெரு நடுவில் ஓடுகிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில், சில நாள் இடைவெளியில், கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக்குழுவும் ராட்ஜர்ஸும் அங்கே முதல் முறையாகப் பதிவு செய்தார்கள். ராட்ஜர்ஸின் குழு முதல் நாள் ராத்திரிதான் சண்டை போட்டுப் பிரிந்திருந்தது. அதனால் தனியாகவே ஒரு கிட்டாரோடு போய் நின்றார்.

அவருடைய பாட்டில் 'யோடல்' என்று ஒன்று வரும். நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளக் குரலுக்குச் சட்டென்று உடைத்து ஏற்றுவது. கர்நாடக சங்கீதத்தில் நாம் ஒட்டுத் தெரியாமல் இழைக்கப் பாடுபடுகிற அதே இடத்தை, இவர் உடைந்தது உடைந்ததாகவே காட்டுகிறார். ஜனங்கள் மயங்கியது அந்த உடைசலில்தான். 1933 மே மாதம் நியூயார்க்கில் அவர் கடைசியாகப் பதிவு செய்தபோது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் படுத்துக்கொள்ள ஸ்டூடியோவிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். இரண்டு நாளில் போய்விட்டார். வயது 35.

கார்ட்டர் குடும்பத்தில் மேபெல் அப்போது பதினெட்டு வயதுப் பெண், வயிற்றில் பிள்ளை. கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே, மற்ற விரலால் மேல் தந்திகளை வருடித் தாளம் கொடுப்பார். ஒரே கையில் பாட்டும் பக்கவாத்தியமும். இன்றைக்கும் கன்ட்ரி கிட்டார் கற்றுக்கொள்கிற யாரும் அந்தக் கட்டைவிரலைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் இந்த வரலாற்றில் என்னை வருத்துகிற பக்கமும் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டு சேகரிக்கப் போனபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை மனதில் பிடித்துக்கொண்டு வருவது ரிடில். கன்ட்ரியின் பெரிய பாடகர் ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் வாசிக்கக் கற்றுத்தந்தவரும் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். பெய்னின் ஒரு பாட்டுகூட ஒலிப்பதிவாகவில்லை. கன்ட்ரியில் வாசிக்கிற பாஞ்சோ என்ற தந்திவாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த வாத்தியத்தின் வழித்தோன்றல்தான். கன்ட்ரியை வெள்ளையர் சங்கீதம் என்று விற்ற கம்பெனிகள் இவர்களை ரெக்கார்டு உறையில்கூடச் சேர்க்கவில்லை. நான் அந்த இசையை நேசிப்பதால்தான் இந்தக் கோபமும் எனக்குக் குறையவில்லை.

பங்க் எனக்குப் பம்பாயில் வந்தது. 1983-இல் அறைத் தோழன் ஒருவன் வைத்திருந்த கேசட்டில் ரமோன்ஸ் என்ற நியூயார்க் பங்க் குழு. முதலில் டேப் வேகமாக ஓடுகிறது என்று நினைத்து மோட்டாரைப் பார்த்தேன்! அவர்களின் முதல் ஆல்பம் 1976-இல் வந்தது. பதினான்கு பாட்டு, மொத்தமே 29 நிமிடம், செலவு 6,400 டாலர். டாமி ரமோன் அந்தக் குழுவுக்கு நிர்வாகி மாதிரி இருந்தவர். அதுவரை டிரம்ஸ் தொட்டதே கிடையாது. வந்து பார்த்த டிரம்மர்கள் யாருக்கும் அவர்கள் கேட்ட அந்த நேரான அடி வரவில்லை என்பதால் அவரே உட்கார்ந்து வாசித்துவிட்டார்.

2009-இல் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நியூயார்க்கில் பவரி தெரு 315-ஆம் எண்ணைத் தேடிக்கொண்டு போனேன். ரமோன்ஸ் ஆரம்ப காலத்தில் வாசித்துப் பெயர் எடுத்த சிபிஜிபி என்ற மதுக்கூடம் அங்கேதான் இருந்தது. 2006 அக்டோபரில் பாட்டி ஸ்மித் என்ற பங்க் பாடகியின் கச்சேரியோடு மூடிவிட்டார்கள். நான் போனபோது விலை உயர்ந்த துணிக்கடை. பழைய சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். அந்த சிபிஜிபிக்கு விரிவு என்ன தெரியுமா? கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ். ஹில்லி கிரிஸ்டல் 1973 டிசம்பரில் அந்த இடத்தைத் திறந்ததே கன்ட்ரி பாடுகிறவர்களுக்காக. அவர் எதிர்பார்த்த பாடகர்கள் அவ்வளவாக வரவில்லை. வேறு எங்கும் இடம் கிடைக்காத பையன்களும் பெண்களும் வந்தார்கள். சொந்தப் பாட்டு வைத்திருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு அவர்களை ஏற்றிக்கொண்டார். இப்படித்தான் பங்க் என்ற பிள்ளை கன்ட்ரி என்று பெயர் எழுதிய வீட்டில் பிறந்தது. நான் அந்த நடைபாதையில் வெகுநேரம் நின்றேன், மாப்பிள்ளை. அதுவரை என் அலமாரியில் தனித்தனியாக அடுக்கிவைத்திருந்தவை அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்தன.

அதே டாமி வயதான பிறகு மாண்டலின் எடுத்துக்கொண்டு 'அங்கிள் மாங்க்' என்ற பெயரில் பழைய மலைப்பாட்டு பாணியில் வாசித்தார். புடாபெஸ்டில் பிறந்தவர், யூதப் படுகொலையிலிருந்து தப்பிய பெற்றோரின் பிள்ளை. பங்கும் மலைப்பாட்டும் பள்ளியில் படித்து வருவதில்லை, வீட்டில் உண்டாவது என்ற பொருளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். நல்ல கன்ட்ரி பாட்டுக்கு மூன்று கார்டும் உண்மையும் போதும் என்பது பாட்டாசிரியர் ஹார்லன் ஹோவர்ட் பெயரில் வழங்கும் வாக்கு. 1977 ஜனவரியில் இங்கிலாந்தில் கையால் தயாரித்த ஒரு சிறுபத்திரிகையில் மூன்று கார்டுக்கும் விரல் வைக்கும் படம் வரைந்து, இப்போது ஒரு குழுவை ஆரம்பி என்று எழுதினார்கள். இரண்டு பேரும் உன்னைப் போன்ற ஒருவனைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்ட பாட்டை அன்று ராத்திரியே திருப்பிப் பாட முடிய வேண்டும். பாடகர் செத்தாலும் பாட்டு அடுத்தவர் வாயில் ஏறிக்கொள்ள வேண்டும். இவை நிலைத்திருப்பதற்கு நான் கண்ட காரணம் அதுதான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி 1968 ஜனவரி 13. கலிஃபோர்னியாவில் ஃபால்சம் சிறைச்சாலை. கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கைதிகளுக்கு முன்னால் பாடப் போகிறார். முதல் நாள் ராத்திரி ஒத்திகை நடக்கிற இடத்துக்கு ஒரு பாதிரியார் ஒரு டேப்பைக் கொண்டுவருகிறார். உள்ளே இருக்கிற கிளென் ஷெர்லி என்ற கைதி, சிறைக்குள் இருக்கும் தேவாலயத்தைப் பற்றித் தானே எழுதிப் பாடிய பாட்டு. கேஷ் அதை அந்த ராத்திரியே பாடம் செய்து, மறுநாள் கச்சேரியின் முடிவில் பாடினார். ஷெர்லி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் பாட்டு அன்றைக்கு வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. ஒரு ராத்திரியில் கற்றுக்கொள்ள முடிகிற பாட்டாக அது இல்லாமல் இருந்திருந்தால் அந்த நிமிடம் அந்த மனிதனுக்குக் கிடைத்திருக்காது. கதை நல்லபடியாக முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேஷ் முயற்சி எடுத்ததில் ஷெர்லி விடுதலையானார். ஆனால் வெளியுலகத்தில் நிலைகொள்ள முடியாமல் 1978-இல் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஒலிப்பதிவை நான் கேட்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

பெண்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. கென்டக்கி நிலக்கரித் தொழிலாளியின் மகளான கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடியதற்காக 1975-இல் பல வானொலி நிலையங்கள் அந்தப் பாட்டைத் தடை செய்தன. இரண்டு வருஷம் கழித்து லண்டனில், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பங்க் பாடகி பாலி ஸ்டைரீன் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு மேடையேறி அதே கோபத்தை வேறு சுருதியில் கத்தினார். நம் ஆட்களிலும் ஒருவர் உண்டு. இலங்கையிலும் கொஞ்ச காலம் சென்னையிலும் வளர்ந்து, போரினால் அகதியாக லண்டன் போன ஈழத்துப் பெண் மாயா அருள்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். 2007-இல் வெளிவந்து அவர் பெயரை எங்கும் கொண்டுபோன பாட்டு, கிளாஷ் என்ற பங்க் குழு 1982-இல் வெளியிட்ட பாட்டின் இசைத்துணுக்கின் மேல் கட்டியது. யாருக்கும் வேண்டாத குடியேறிகளைப் பற்றிய பாட்டு அது. அதை ஓர் அகதிப் பெண் எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது.

இனி உன் குரல் விஷயம். 2002-இல் வெளிவந்த கேஷின் பதிவுகளைக் கேட்டிருக்கிறாயா? எழுபது வயது, நோய், மூச்சு வாங்குகிறது, சில இடங்களில் சுருதி நிற்கவில்லை. தயாரிப்பாளர் ரிக் ரூபின் எதையும் மெழுகி மறைக்கவில்லை. 2003 மே மாதம் மனைவி ஜூன் கார்ட்டர் இறந்தார். மேபெல் கார்ட்டரின் மகள் அவர். அதற்குப் பிறகும் கேஷ் நாற்காலியில் உட்கார்ந்தபடி செப்டம்பரில் சாகும்வரை பாடிப் பதிவு செய்துகொண்டே இருந்தார். கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மரும் அவரும் சேர்ந்து பாப் மார்லியின் பாட்டு ஒன்றைப் பாடியிருக்கிறார்கள். ஒரு கட்டைக் குரல், ஒரு கரகரக் குரல். அது வெளிவந்தபோது இருவரில் யாரும் உயிரோடு இல்லை. இளவயது கேஷின் கம்பீரமான குரலைவிட அந்தத் தளர்ந்த குரலைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். நீ இழந்துவிட்டதாக நினைக்கிறாயே, அதற்குப் பதிலாக உனக்குக் கிடைத்திருப்பது இந்தக் குரலாகவும் இருக்கலாம். பாடிப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

பேத்தியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கேஷின் பழைய வித்தை ஒன்றைக் காட்டினேன். மெம்ஃபிஸில் அவர் பதிவு செய்யத் தொடங்கியபோது குழுவில் டிரம்ஸ் கிடையாது. கூட வாசித்த இரண்டு பேரும் கார் மெக்கானிக்குகள். கிட்டார் தந்திகளுக்கு இடையே ஒரு காகிதத்தைச் செருகி, டிரம்ஸ் மாதிரி ஒலிக்கச் செய்தார். நான் சட்டைப் பையில் துழாவியபோது சென்ட்ரலுக்குப் போய்வந்த ரயில் டிக்கெட் அகப்பட்டது. நீளவாக்கில் மடித்து, கழுத்துப் பக்கமாகத் தந்திகளில் மேலும் கீழுமாகக் கோத்தேன். "இப்போது அடி" என்றேன். அடித்தாள். சக்குச் சக்கு என்று, தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குகிற சத்தம். பொன்மலை கேட் அருகே நின்று நாம் கேட்ட கூட்ஸ் வண்டியேதான். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு அரைமணி நேரம் நிறுத்தவே இல்லை.

சாயங்காலம் அதே தாளத்தில் ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்றே கார்டு. பள்ளிப் பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அங்கே என் தோழி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று. அவ்வளவுதான் பாட்டு. இரண்டாவது அடியில் அவள் குரல் கம்மியது. நிறுத்தாமல் பாடி முடித்தாள்.

தை பிறந்ததும் நாங்கள் எல்லோரும் திருச்சி வருகிறோம். பல்லவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. மூன்று நாள் உன் வீட்டில்தான். நீ மதில் மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்ட அந்த ஜிம் ரீவ்ஸ் மெட்டை அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. சுருதியை நீ எங்கே வைக்கச் சொல்கிறாயோ அங்கே இறக்கி வைத்துக்கொள்ளலாம். தங்கையிடமும் பிள்ளைகளிடமும் நான் விசாரித்ததாகச் சொல். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. அந்த ரயில் டிக்கெட்டை அவள் இன்னும் கிட்டாரிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே கொண்டுவருவாள்.

அன்புடன்,
உன் பொன்மலை நண்பன்