சரணத்தில் நின்ற பாட்டு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். இனி உன் சிஷ்யை விஷயத்துக்கு வருகிறேன்.

கச்சேரியில், கீர்த்தனையின் கடைசிப் பகுதியான சரணத்தில் சாகித்யம் (பாட்டின் வார்த்தைகள்) மறந்து பாட்டையே நிறுத்திவிட்டாள், இனிமேல் நோட்டு வைத்துக்கொண்டுதான் மேடை ஏறவேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். நோட்டு வைப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கண் நோட்டிலேயே இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்ப்பது குறைந்துபோகும். மேடையில் கைகொடுக்கப்போவது அவர்கள்தானே?

வரி மறந்தால் பாட்டின் தொடக்கமான பல்லவியை இன்னொரு முறை எடுக்கலாம். அதற்குள் நல்ல வயலின்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, அடுத்த வரியின் முதல் பிடியை, அதாவது முதல் சில ஸ்வரங்களை, மெல்ல வாசித்துவிடுவார். அது காதில் விழுந்தால் பெரும்பாலும் வார்த்தையும் கூடவே வந்துவிடும். ஸ்வரம் பாடி முடிக்கும்போது கணக்காக வரும் கோர்வையும் அப்படித்தான். ஆதி தாளத்தில் கணக்கு பிசகி இரண்டு மாத்திரை முன்னதாக முடியப்போகிறது என்று வை. கடைசி ஸ்வரத்தில் இரண்டு மாத்திரை கார்வை கொடுத்தால், அதாவது அதை நீட்டினால், பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வந்துவிடலாம். பாடுபவரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மிருதங்கக்காரர் அந்தக் கார்வையையும் சேர்த்தே வாசித்துவிடுவார். சபைக்கு அது கோர்வையின் அழகாகத்தான் தெரியும். காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், மட்டும் ஆடக்கூடாது. பதறினால் முதலில் ஓடுவது அதுதான்.

ஸ்வரப் பிசகு வேறு மாதிரி. பைரவி ராகத்தில் 'த' என்ற ஸ்வரம் ஏறும்போது சதுச்ருதி தைவதம் (சற்று உயர்ந்தது), இறங்கும்போது சுத்த தைவதம் (சற்று தாழ்ந்தது). மாறித் தொட்டுவிட்டால் அங்கே நிற்காமல் போய்விடவேண்டும், வேறு வழியில்லை. திருத்துகிறேன் என்று திரும்ப வந்து தொட்டால்தான் எல்லோர் காதிலும் விழும்.

ஜப்பானில் பிறந்த வயலின் கலைஞர் மிடோரியின் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறாயா? 1986 ஜூலை, அமெரிக்காவில் டாங்கிள்வுட் விழா. மிடோரிக்கு 14 வயது. அமெரிக்க இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைன் தன் சொந்தப் படைப்புக்கு வாத்தியக் குழுவைத் தானே நடத்துகிறார்; அதில் மிடோரி தனி வயலின் வாசிக்கிறாள். கடைசிப் பகுதியில் அவள் வயலினின் ஈ தந்தி (உச்ச சுருதித் தந்தி) அறுந்தது. அந்தப் பெண் குழுவின் முதல் வயலின்காரரிடம் போய் அவர் வயலினை வாங்கி வாசித்தாள். அதிலும் ஈ தந்தி அறுந்தது! இன்னொருவரின் வயலினை வாங்கி, அதில் வாசித்து முடித்தாள். பழகாத வயலின், அதுவும் அவளுடையதைவிடப் பெரியது. விரல் விழும் இடமே மாறும். அந்தத் தைரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. ஆனால் கேட்ட நொடியில் தங்கள் வயலினை நீட்டிய அந்த இரண்டு பேரையும் நான் அதே அளவுக்கு மதிக்கிறேன்.

அதனால் நோட்டுக்குப் பதிலாக ஒன்று செய்து பார். வகுப்பில் அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்து. தாளம் ஓடட்டும். பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவியிலிருந்தோ சரணத்தின் மூன்றாம் வரியிலிருந்தோ நீ சொல்லும் இடத்தில் எடுக்கச் சொல். நாமெல்லாம் பல்லவியில் தொடங்கி வரிசையாகவே மனப்பாடம் செய்கிறோம். ஒரு கண்ணி விட்டால் மீதியும் போய்விடுகிறது. அப்புறம், முடிந்தால் ஒத்திகைக்கு ஒரு வயலினும் மிருதங்கமும் ஏற்பாடு செய். தம்புரா மட்டும் வைத்துப் பாடிப் பழகினால் அடுத்தவரைக் கேட்கும் பழக்கம் எப்படி வரும்?

அதே கீர்த்தனையை அடுத்த கச்சேரியிலும் வைக்கச் சொல். தள்ளிப்போடவேண்டாம். தேதி முடிவானதும் எழுது, நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்