ஒரு நாள் முன்னால் கிளம்பியிருந்தால்

அன்புள்ள கண்ணா,

அப்பாவைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதைப் பற்றி நேற்று போனில் நீ சொன்னதற்கு என்னால் உடனே பதில் பேச முடியவில்லை. “காலத்துல பின்னாடி போக முடிஞ்சா, ஒரு நாள் முன்னாடியே ஃபிளைட் ஏறியிருப்பேம்மா” என்றாய். முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். நீ கேட்டது பாடமில்லை என்று தெரியும். ஆனாலும் எனக்குத் தெரிந்த வழியில்தானே சொல்ல வரும்.

காலத்தில் முன்னோக்கி, எதிர்காலத்துக்குள் போவது நிஜம். 1971 அக்டோபரில் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இருவர் நான்கு சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே சுற்றியபோது அவை தரையில் இருந்த கடிகாரங்களைவிட சுமார் 59 நானோ நொடி (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு) பின்தங்கின. மேற்கே சுற்றியபோது 273 நானோ நொடி முந்தின. ஐன்ஸ்டைனின் கணக்கும் அதைத்தான் சொன்னது. பின்தங்கிய கடிகாரம் அந்த அளவுக்கு நம் எதிர்காலத்துக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். லண்டனிலிருந்து நீ பறந்து வந்ததும் கிழக்கேதான். அந்தப் பத்து மணி நேரமும் நீ என்ன பாடு படுகிறாயோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் போவதுதான் சிக்கல். 1949இல் கோடல் என்ற கணித மேதை, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே ஒன்றைக் காட்டினார்: பிரபஞ்சம் முழுக்கச் சுழன்றால், கிளம்பிய நேரத்துக்கே திரும்பி வரும் பாதை உண்டு. நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை.

சரி, ஒரு பேச்சுக்கு வழி இருக்கிறது என்றே வை. நீ திரும்பிப் போய், முதல் நாளே விமானம் ஏறி, அப்பாவின் கையைப் பிடித்துவிடுகிறாய். அப்புறம் உனக்கு இந்த வருத்தமே இருக்காது. வருத்தமில்லாதவன் எதற்காகத் திரும்பிப் போவான்? அவன் போகாவிட்டால் முதல் நாள் விமானம் ஏறியது யார்? பேரன் பின்னால் போய்த் தாத்தாவைக் கொல்லும் புதிரை வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே முடிச்சு உன் கதையாக வந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவின் பதில் இது: பின்னால் போக முடிந்தாலும், நடந்ததோடு முரண்படாததை மட்டுமே செய்ய முடியும். போகலாம், பார்க்கலாம், மாற்ற முடியாது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அப்படி வந்திருந்தால் நீ எதைப் பார்த்திருப்பாய் என்று சொல்கிறேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது என் தப்பு. அன்று சாயங்காலம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலை அவர் காதருகே வைத்தேன். “டிக்கெட் போட்டாச்சுப்பா, வந்துட்டே இருக்கேன்.” கண்ணைத் திறக்காமலே, இன்னொரு தடவை என்று விரலை ஆட்டினார். மூன்று தடவை கேட்டார். அப்புறம், “அங்க குளிரும், ஸ்வெட்டர் போட்டுட்டு வரச் சொல்லு” என்றார். மருந்து மாற்ற வந்த நர்ஸிடமும் “பையன் வர்றான்” என்றார். நீ வந்துகொண்டிருக்கிறாய் என்ற நினைப்போடுதான் கண்ணா அவர் போனார்.

அப்பாவின் நட்சத்திரம் ரோகிணி. 65 ஒளியாண்டு தொலைவு. அவர் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் நம் கண்ணுக்கு வருகிறது. தை மாதம் சாயங்காலத்தில் உயரத்தில், லேசாகச் சிவந்து தெரியும். நான் மொட்டை மாடியில் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அங்கே மேகம் இல்லாவிட்டால் நீயும் வெளியே போய்ப் பார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா