பெற்றோருக்கு: இரண்டாம் பருவச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, தாத்தாக்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் பாதி தாண்டிவிட்டது. காலாண்டுத் தேர்வைப் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். குறுவட்டப் போட்டிகளில் சில பரிசுகள், கலைத் திருவிழாவில் கும்மிக்கு ஒரு பரிசு. குழந்தைகள் தின விழாவும் மழைக்கு நடுவே எப்படியோ நடந்து முடிந்தது. எல்லாருக்கும் பாராட்டுகள். மற்ற விவரங்களைப் பெற்றோர் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி அடைமழை பிடித்ததிலிருந்து வகுப்புக்கு நாலைந்து பேர் தடுமன், காய்ச்சல் என்று வீட்டில் இருக்கிறார்கள். அது ஆண்டுதோறும் உள்ளதுதான். காய்ச்சலோடு பள்ளிக்கு வருகிற பிள்ளைகளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. காலை வழிபாட்டில் தெளிவாக நின்ற பிள்ளை, இடைவேளை முடிந்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துவிடுகிறது. டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் அனலாகக் கொதிக்கிறது. விசாரித்தால், "காலையில அம்மா மாத்திரை தந்தாங்க டீச்சர்" என்று பதில் வருகிறது.

பாராசிட்டமால் காய்ச்சலை நாலு முதல் ஆறு மணி நேரம் அடக்கி வைக்கும், அவ்வளவுதான். ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினோரு மணிக்கு மேல் காய்ச்சல் திரும்பிவிடும். நோய் அதுபாட்டுக்கு உள்ளேயே இருக்கும். ஃப்ளூ என்றால் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொற்றும். முதல் மூன்று நான்கு நாட்களில்தான் மிக அதிகமாகப் பரவும். சரியாக அந்த நாட்களில்தான் மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறோம்.

போன வாரம் ஆறாம் வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது, காம்பஸுக்கும் அழிரப்பருக்கும் நடுவில் காலண்டர் தாளில் மடித்த அரை மாத்திரை ஒன்று இருந்தது. தாளின் மேல் 'சாப்பிட்ட பிறகு' என்று பேனாவால் எழுதியிருந்தது. எழுதியவருக்குப் பிள்ளைமேல் அக்கறை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முந்தின நாள் இதேபோல் வந்த இன்னொரு அரை மாத்திரையை, தலை வலிக்கிறது என்ற தோழிக்கு அந்தப் பிள்ளை கொடுத்திருக்கிறாள். அது என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

உங்கள் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. பீடி சுற்றுகிற வீட்டில் ஒரு நாள் பிள்ளையோடு உட்கார்ந்தால் அன்றைய கணக்குக் குறைந்துவிடும். பிசான நடவு நேரத்தில் வயலுக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது. அப்பா திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார், வீட்டில் ஆச்சி ஒருவர்தான் துணை. பள்ளிக்கு அனுப்பினால் மத்தியானம் சாப்பாடும் ஆகிவிடும், டீச்சரும் பார்த்துக்கொள்வார் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் முடியாத பிள்ளையைப் படுக்கவைக்க எங்களிடம் இருப்பது அலுவலக அறையில் ஒரு பெஞ்சு. கூப்பிடலாம் என்று போனை எடுத்தால், பதிவேட்டில் இருக்கும் எண் திருப்பூரில் மணியடிக்கிறது.

அதனால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். காய்ச்சல் என்று தெரிந்தே, மாத்திரையைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்பக் கூடாது. மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். பையில் மாத்திரை வைத்து அனுப்புவதை இனி அனுமதிக்க முடியாது. இழுப்பு, வலிப்பு போன்றவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் டாக்டர் சீட்டோடு வகுப்பாசிரியர் கையில் நேரில் கொடுங்கள். நாங்கள் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது பொறுப்பானவர் வரவேண்டும். முழு வருகைப் பரிசு போய்விடுமே என்று சில வீடுகளில் யோசிக்கிறார்களாம். காய்ச்சலுக்கு எடுத்த விடுப்பை அந்தப் பரிசுக்குக் கணக்கில் எடுக்கமாட்டோம். பரிசு ஒரு டிபன் பாக்ஸ்தான் என்பதையும் நினைவூட்டிக்கொள்கிறேன்.

அம்மை கண்டிருப்பதை வெளியே சொல்லாமல் இருப்பது இன்னொரு சங்கடம். வேப்பிலை கட்டுவதையும் மூன்று தண்ணீர் ஊற்றுவதையும் நான் ஒன்றும் சொல்லவில்லை, என் வீட்டிலும் உண்டு. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும். பொன்னுக்குவீங்கி என்றால் வீக்கம் கண்டதிலிருந்து ஐந்து நாள். அரசு போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமே. பொன்னுக்குவீங்கியை அது தடுக்காது.

டெங்குவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தக் கொசு பகலில் கடிப்பது, அதாவது பள்ளி நேரத்தில். டெங்குக் காய்ச்சலோடு வந்த பிள்ளையைக் கடித்த கொசு, ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த பெஞ்சுக்கும் நோயைக் கொண்டுபோகும். சாக்கடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இது நல்ல தண்ணீர் தேங்கும் இடத்தில் முட்டையிடும்: குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று பிடித்துவைத்த டிரம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கொல்லைப்புறத்தில் சும்மா கிடக்கும் ஆட்டுரல் குழி. முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பள்ளித் தொட்டியைச் சனிக்கிழமைதோறும் கழுவுகிறோம்.

மெடிக்கலில் 'ரெண்டு வேளைக்கு' என்று கேட்டு வாங்கும் கலர் கலர் மாத்திரையை இந்தச் சீசனில் தயவுசெய்து தவிருங்கள். அதில் வலி மாத்திரை கலந்திருந்தால் டெங்குவில் ரத்தக்கசிவு ஏற்படலாம். பாராசிட்டமாலைக்கூடப் பிள்ளையின் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பெரியவர்களின் 650-ஐ இரண்டாக உடைப்பது அளவாகாது. நிலவேம்புக் குடிநீர் கொடுப்பவர்கள் அதைக் காரணமாக்கி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். முக்கியமாக, டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் வரும். உடம்பு குளிர்ந்த பிறகும் வயிற்றுவலி, விடாத வாந்தி, மூக்கிலோ பல் ஈறிலோ ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு என்று இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று வீட்டில் கூடிப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். சாதாரணச் சந்தேகங்களுக்கு 104-இல் ஆலோசனை கிடைக்கும்.

வீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப்பில் அன்றைய பாடம் வரும். திரும்பி வந்ததும் விட்டுப்போனதை டீச்சர்கள் சொல்லித்தருவார்கள். கஞ்சியும் துவையலும் கொடுத்து, போர்த்திப் படுக்கவையுங்கள்.

கண்டித்து எழுதியதை யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பெரும்பாலான வீடுகளில் இதையெல்லாம் நாங்கள் சொல்லாமலே செய்கிறீர்கள். வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அம்மாக்கள் இருக்கிறார்கள். மழை நாட்களில் மதியச் சாப்பாட்டோடு சுடுதண்ணீரும் வைத்துக்கொடுக்கும் சத்துணவுப் பணியாளர்களுக்கும், பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்ய வந்த மேலாண்மைக் குழுவினருக்கும் மனமார்ந்த நன்றி.

இத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். பகலில் ஊரில் இருக்கும் இரண்டு பேரின் போன் எண்ணை எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: பெயர் எழுதாத குடைகள் ஏழெட்டு அலுவலக அறையில் கிடக்கின்றன. படிவம் கொண்டுவரும்போது பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.