பெரிய கோயிலுக்கு எத்தகைய வழிகாட்டி வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சைப் பெரிய கோயிலைத் தாமாகவே சுற்றிப் பார்ப்பதா, வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதா என்று வெளியூர்க் குடும்பங்கள் தயங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். என் கருத்து வழிகாட்டியின் பக்கமே; ஆனால் அவர் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அண்மையில் எங்களுடன் வந்த வழிகாட்டி, கருவறைக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும், நந்தி வளர்ந்துகொண்டே போனதால் அதன் முதுகில் ஆணி அடித்தார்கள் என்றும் அரை மணி நேரம் விவரித்தார். அதைக் கேட்டபடி நாங்கள் வெயிலுக்கு ஒதுங்கி நின்றது அந்த விமானத்தின் நிழலில்தான்! அந்த நந்தி, கோயில் கட்டப்பட்டுப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த நாயக்கர் காலத்தது என்பதை அவர் சொல்லவே இல்லை.

1010-இல் நிறைவுற்ற அக்கோயிலின் சுவர்களிலோ, தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் (தமக்கை) குந்தவை கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணையும், கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும், அவர்களுக்கு ஊதியமாக ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தல் அளவு) நெல் என்ற கணக்கும் இருக்கின்றன. தமிழேயானாலும் அவ்வெழுத்தை நம்மில் பெரும்பாலோரால் படிக்க இயலாது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் பொருளுடையதாவது அங்கேதான். திருச்சுற்றில் காலை வேளையில் நடப்பதற்கு யார் துணையும் வேண்டாம்.

ஆகவே, சுற்றுலாத் துறை வழிகாட்டிகளுக்குக் கல்வெட்டுப் பயிற்சி அளிக்கவும், அவர்களுக்குரிய கட்டணத்தை வாயிலிலேயே எழுதி வைக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.