களப்பு வேலைகளை மார்ச், ஏப்ரலில் வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வட துருவத்தில் பனி உருகும் செய்திகளை நமது பத்திரிகைகள் வெளிநாட்டுப் பக்கத்தில் போடுகின்றன. திருகோணமலையைப் பொறுத்தவரை அது உள்ளூர்ச் செய்தியும்தான். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து உப்பளங்களிலும் கொக்கிளாய்க் களப்பிலும் தம்பலகாமக் குடாவின் சேற்றுக் கரைகளிலும் ஓகஸ்ட் கடைசி தொடக்கம் ஏப்ரல் வரை கூட்டங்கூட்டமாக மேயும் சிறு பறவைகளில் பல, சைபீரியாவின் வடகோடியில், பெரும்பாலும் மரமே முளைக்காத தய்மீர் குடாநாடு போன்ற இடங்களில் பிறந்தவை. வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான், கல்திருப்பி உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி ஆகியவற்றை இங்கே எளிதில் காணலாம். தய்மீர் இங்கிருந்து நேர்கோட்டில் பார்த்தாலே 7,000 கிலோமீற்றருக்கு மேல். மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்திய கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போய்வந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இவற்றின் நிலைமை வேகமாக மோசமாகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் தனது சிவப்புப் பட்டியலைத் திருத்தியபோது வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழிவாய்ப்புள்ள இனங்களாக உயர்த்தியது. கல்திருப்பி அதற்கு ஒரு படி குறைந்த ஆபத்து வகையில் வைக்கப்பட்டது.

1979 தொடக்கம் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. பனி முந்திக் கரைந்தால் பூச்சிகளும் முந்திப் பெருகி முடிந்துவிடும். உள்ளான் குஞ்சுக்குத் தாய் தீன் ஊட்டுவதில்லை. முட்டையை விட்டு வெளியே வந்த அன்றே அது தானாகப் பூச்சி பொறுக்க வேண்டும். பூச்சி குறைந்த கிழமையில் பொரித்த குஞ்சு வளர்த்தி குன்றிப்போகும். தய்மீரில் பிறக்கும் செம்மார்பு உள்ளான்களைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 33 ஆண்டுகளில் அங்கே பனி கரையும் காலம் ஆண்டுக்கு அரை நாள் வீதம் முன்னே வந்திருக்கிறது. சூடான ஆண்டுகளில் பிறந்தவை உடல் சிறுத்து, அலகும் குட்டையாகி, மேற்கு ஆபிரிக்காவின் மொரித்தானியாக் கரையில் சேற்றின் அடியில் இருக்கும் சிப்பிகளை எட்ட முடியாமல் கூடுதலாகச் செத்திருக்கின்றன. அதாவது, துருவத்தில் ஏற்பட்ட பாதிப்பு பறவையின் உயிரை எடுப்பது அது குளிர்காலத்தைக் கழிக்க வரும் கரையில்தான். ஆர்க்டிக்கின் வெப்பத்தைத் திருகோணமலையில் இருந்துகொண்டு நாம் குறைத்துவிட முடியாது. ஏற்கெனவே நலிந்து வரும் பறவைக்கு இங்கே தீன் கிடைக்குமா என்பது நமது கையில்தான் இருக்கிறது.

அதிலும் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதங்களும் மிக முக்கியம். மாரிக்காலத்தில் 55 கிராம் அளவில் இருக்கும் வளைமூக்கு உள்ளான், புறப்படும்போது 80 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். அந்தக் கொழுப்புத்தான் பயணத்துக்கான எரிபொருள். வழியில் இறங்கித் தீன் எடுத்தாலும், துருவத்தில் போய் இறங்கும்போது நிலம் பனி மூடிக் கிடந்தால் முதல் சில நாட்களைக் கடத்துவதற்கும் மிச்சக் கொழுப்பு வேண்டும். சாம்பல் நிறமாக இருந்த மார்பும் வயிறும் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கினால் பறவை புறப்பட ஆயத்தமாகிறது என்று அர்த்தம். தொலைநோக்கி இல்லாமலே இதைக் கரையில் நின்று கவனிக்கலாம்.

உப்பளங்களில் கடல்நீர் முதலில் ஏறும் தேக்கப் பாத்தியில் உப்புச் செறிவு 3 போமே பாகை (உப்புநீரின் செறிவை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். உப்பு விளையும் பாத்தியில் அது 25 பாகையைத் தாண்டும். அங்கே பறவைக்கு ஒன்றுமில்லை. புழு, சிறு நத்தை, உவர்நீர் ஈயின் புழுக்கள், ஆர்ட்டீமியா என்னும் மிகச் சிறிய உவர்நீர் இறால் எல்லாம் இருப்பது தேக்கப் பாத்தியிலும் அதையடுத்த ஆவியாக்கும் பாத்திகளிலும்தான். வளைமூக்கு உள்ளானின் அலகு ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர், கால் அதைவிடச் சற்றுக் குட்டை. தண்ணீர் 5 சென்ரிமீற்றருக்கு மேல் நின்றால் அதற்குச் சேற்றைத் துழாவுவது கஷ்டம். தண்ணீர் முழுதும் வற்றிச் சேறு வெடித்தாலோ புழு ஆழத்துக்குப் போய்விடும், இறுகிய சேற்றில் அலகும் இறங்காது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டையில்தான் அது சீவிக்கிறது. உப்புப் பருவம் தொடங்கும் அவசரத்தில் எல்லாத் தேக்கப் பாத்திகளையும் ஒரே கிழமையில் முழங்கால் அளவுக்கு நிரப்பினால், அல்லது எல்லாவற்றையும் ஒன்றாக வடித்துச் சேறு வழித்தால், அந்தப் பட்டை ஒரேயடியாக இல்லாமல் போகிறது.

உப்பளம் நடத்துபவர்களிடம் கேட்பது இதுதான். முதற்கட்டப் பாத்திகளில் மூன்றில் ஒன்றையாவது மார்ச் தொடக்கம் மே முதற் கிழமைவரை 2 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்திருங்கள். ஆழத்தை அளக்க, அடையாளமிட்ட ஒரு தடியை மதகின் அருகே நட்டால் போதும். வெயில் கடுமையான நாட்களில் மட்டம் விரைவாக இறங்கும் என்பதால் காலையில் ஒருமுறை பார்த்துச் சிறிது நீர் விட வேண்டியிருக்கும். ஆழம் குறைந்த நீர் வேகமாகச் செறிவடையும் என்பதால் பெரிய நட்டம் வராது. சேறு வழிப்பதையும் வரம்பு கட்டுவதையும் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றிச் செய்யலாம். பறவைகள் கூட்டமாக நின்று இளைப்பாறும் வரம்பில் ஒரு துண்டை முள், கொட்டில், மின்கம்பி எதுவும் இல்லாமல் வெறுமனே விட்டுவையுங்கள். சுற்றிவரப் பார்க்க முடியாத இடத்தில் அவை இறங்கவே மாட்டா.

களப்பு நீரைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டுவதிலும் இதே பிரச்சினை உண்டு. மாரி வெள்ளத்தில் வீடு, வயலைக் காப்பதற்காக வெட்டுவதை யாரும் குறைசொல்ல முடியாது. பெப்ரவரிக்குப் பிறகு வெட்ட நேர்ந்தால் ஒடுக்கமாகத் தொடங்கி, இரு பக்கமும் மண்மூடை அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரோட்டமே வாயை அரித்து அகலமாக்கிவிடும். களப்பு ஓரிரு நாளில் வடிந்து, சேற்று மேடு முழுவதும் வெயிலில் காய்ந்து போகும். மெதுவாக வடிந்தால் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு ஈரப் பட்டை வெளிப்படும். பறவை வேண்டுவது அதைத்தான். குஞ்சு மீனுக்கும் அது நல்லது.

தடைசெய்யப்பட்ட தங்கூசி வலைகளைப் பற்றி அதிகாரிகள் பேசாத நாளில்லை. ஆனால் கிழிந்த வலைத் துண்டுகளைக் கண்டல் வேரிலும் கரையிலும் வீசுவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. உள்ளானின் கால் தீக்குச்சி அளவு மெலிது. அதில் சுற்றிய தங்கூசி, பறவை உதறும் ஒவ்வொரு தடவையும் இறுகித் தோலை வெட்டி எலும்புவரை போகிறது. சிக்கிய பறவையைக் கண்டால் நூலைப் பிடித்து இழுக்காதீர்கள். மெல்லிய துணியால் தலையை மூடி, சிறகுகளை மடித்த நிலையில் ஒரு கையில் பிடித்து, முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலால் காலோடு ஒட்டிய இழையை முதலில் வெட்டுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. நெடுநேரம் துடித்தால் கால் தசைகள் சேதமாகிப் பிறகு நிற்கவே முடியாமல் போகும் என்பதால் எல்லாம் சில நிமிடங்களில் முடிய வேண்டும். காலில் வளையமோ நிறக்கொடியோ இருந்தால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் மட்டும் கையால் தொடாமல் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2023 ஒக்டோபரில் அண்டார்க்டிக் வட்டாரத்தின் பறவைத் தீவுவரை போய்ச் சேர்ந்த பறவைக் காய்ச்சல், எங்கே வரும் எங்கே வராது என்று சொல்ல முடியாது.

உல்லாசப் பயணிகளின் பருவம் நமது கரையில் ஏப்ரலிலேயே சூடுபிடிக்கிறது. மேயும் கூட்டத்துக்கு 100 மீற்றருக்குள் மோட்டார் சைக்கிள், ட்ரோன், நாய் எதுவும் போகக் கூடாது என்று ஒரு பலகை வைத்தாலே பாதி வேலை முடியும். பறவைகள் மேய்வதை விட்டுத் தலையைத் தூக்கினால், நாம் வந்தது போதும் என்று அர்த்தம்.

இவையெல்லாம் சின்ன விடயங்கள், இதனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு அண்டார்க்டிக் கடலில் ஓர் உதாரணம் இருக்கிறது. தென் ஜோர்ஜியாத் தீவைச் சுற்றி ஆயிரங்கால் தூண்டிலில் (நீண்ட கயிற்றில் பல கொக்கிகள் கட்டிய தூண்டில்) சிக்கி 1997-இல் ஒரே பருவத்தில் 5,700-க்கு மேற்பட்ட கடற்பறவைகள் செத்தன. அவற்றில் அல்பட்ரோஸ்களும் அடக்கம். தூண்டிலை இரவில் மட்டும் இறக்குவது, விரைவாக அமிழ ஈயக் குண்டு கட்டுவது, படகின் பின்னால் நிற நாடாக் கயிறு பறக்கவிடுவது, இறக்கும் வேளையில் மீன் கழிவைக் கொட்டாமல் இருப்பது, பறவைகள் கூடு கட்டும் கோடையில் தொழிலை மூடுவது என்று விதி வைத்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பூச்சியத்துக்கு வந்தது. மீன்பிடி நிற்கவில்லை. வேலை செய்யும் நேரமும் முறையும்தான் மாறின. நமது களப்புகளுக்கும் அதே வகை ஏற்பாடு போதும்: மாவட்டச் செயலகம், கடற்றொழில், நீர்ப்பாசன, வனஜீவராசிகள் திணைக்களங்கள், பிரதேச சபைகள் ஒன்றாக இருந்து மார்ச் 1 தொடக்கம் மே 10 வரை களப்பிலும் உப்பளத்திலும் எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று ஆண்டு அட்டவணையில் எழுத வேண்டும். வரம்புத் திருத்தம் போன்றவற்றை ஜூன், ஜூலைக்குத் தள்ளலாம்.

ஒன்றை மட்டும் அந்த மாதங்களுக்கும் தள்ள முடியாது. முதல் வருடக் குஞ்சுகளில் பெரும்பாலானவை வடக்கே திரும்புவதில்லை. செங்கல் நிறத்துக்கு மாறாமல், சாம்பல் நிறத்திலேயே வெயில் காலம் முழுவதும் இங்கேயே தங்கிவிடும். ஆகவே பறவை போய்விட்டது என்று எண்ணி ஜூனில் களப்பு ஓரத்தில் கட்டட இடிபாடுகளையும் மண்ணையும் கொட்ட எந்தச் சபையும் அனுமதி கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே கொட்டியிருந்தால் மாரிமழைக்கு முன் அள்ள வேண்டும். வெள்ளம் வந்தபின் அது சேற்றோடு கலந்து பரவி, பிறகு அள்ளவே முடியாது.

இப்படிக்கு,
கரையோரப் பறவை ஆர்வலர்கள்,
திருகோணமலை