மகளுக்கு, பைக்கோ பலகையோடு சேர்த்து அனுப்பும் கடிதம்

அன்பு மகளுக்கு,

உன் கருவிக்கான பலகையை, அதாவது நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகையை, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கீழே இருந்தபடியே காட்டும் கருவி ஒன்றைச் செய்ய விரும்புவதாகச் சொன்ன நீ, அதற்கு அர்டுயினோ ஊனோ என்ற பலகையை வாங்கலாமா என்றும் கேட்டாய். ஊனோ நல்ல பலகைதான். நானும் மாணவர்களுக்கு அதில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் உனக்கு ராஸ்பெர்ரி பை பைக்கோவே பொருந்தும் என்று முடிவு செய்தேன். நீ நிரல் எழுதிப் பழகியவள், ஆனால் மின்சுற்றில் இதுவரை கை வைத்ததில்லை. இந்தப் பலகை நிரலில் எத்தனை பிழை வந்தாலும் பொறுத்துக்கொள்ளும். கம்பி இணைப்பில் வரும் பிழையை அப்படிப் பொறுக்காது. இந்த இரண்டும் ஏன் என்று உனக்குத் தெளிவாகப் புரிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2021 ஜனவரியில் இதை 4 டாலர் விலையில் வெளியிட்டது. நம் ஊரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீளம் 51 மில்லிமீட்டர், அகலம் 21 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் ஆர்பி2040 என்ற சில்லு அந்த நிறுவனம் தானே வடிவமைத்த முதல் சில்லு. அதில் 133 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடக்கூடிய இரண்டு கோர்களும் (நிரலை இயக்கும் பகுதிகள்) 264 கிலோபைட் நினைவகமும் உள்ளன. நிரலைச் சேமிக்க 2 மெகாபைட் ஃபிளாஷ் தனியாக இருக்கிறது. நான் பாடம் நடத்திய பழைய ஊனோவில் (ஆர்3) இருக்கும் நினைவகம் 2 கிலோபைட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், நீ அலுவலகத்தில் எழுதும் பைத்தான் மொழியின் சிறிய வடிவமான மைக்ரோபைத்தான் இதில் ஏன் தாராளமாக ஓடுகிறது என்பது புரியும்.

பலகையின் மேல் வெள்ளையாக ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகினால், பலகை ஒரு பென் டிரைவைப் போலத் திரையில் தோன்றும். மைக்ரோபைத்தானின் நிறுவல் கோப்பை (யூஎஃப்2) அதற்குள் இழுத்துப் போட்டுவிட்டால், பலகை தானாகவே மீண்டும் தொடங்கிவிடும். நிரல் ஏற்றுவதற்குத் தனியாக ஒரு புரோகிராமர் கருவி தேவையில்லை. இதை எளிமை என்று மட்டும் எண்ணிவிடாதே. நான் பயிற்றுநராகச் சேர்ந்த காலத்தில் 8031 சில்லுக்கு வெளியே ஈப்ராம் என்ற சேமிப்புச் சில்லை வைத்து நிரல் ஏற்றுவோம். ஒரு வரி தவறாகிவிட்டால் அந்த ஈப்ராமைக் கழற்றி, அதன் கண்ணாடிச் சாளரத்தை இருபது நிமிடம் போலப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து அழித்து, மறுபடி எழுதிப் பொருத்த வேண்டும். அதனால் மாணவர்கள் எதையும் துணிந்து முயன்று பார்க்கத் தயங்கினார்கள். பைக்கோவில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. யூஎஸ்பி வழியாகக் கோப்பைப் பெற்றுக்கொள்ளும் அந்தத் தொடக்க நிரல், சில்லு தயாராகும்போதே அதன் உள்ளே நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. நீ ஃபிளாஷ் முழுவதையும் குழப்பிவிட்டாலும், முடிவே இல்லாத சுழலில் பலகையைச் சிக்கவைத்தாலும், அந்தத் தொடக்க நிரலை உன்னால் அழிக்க முடியாது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி செருகினால் புதிதாகத் தொடங்கிவிடலாம். ஆகவே நிரலைப் பொறுத்தவரை மனதில் தோன்றுவதை எல்லாம் தயங்காமல் முயன்று பார்.

கணினியில் எழுதுவதற்குத் தானி (Thonny) என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள். முதலில் பலகையிலேயே இருக்கும் பச்சை விளக்கை, அதாவது நிரலால் இயக்கும் இணைப்புகளில் 25ஆம் எண்ணுள்ளதை (ஜிபிஐஓ 25), மின்ன வைத்துப் பார். பலகை திரையில் தோன்றவே இல்லை என்றால் பெரும்பாலும் குற்றம் கேபிளில்தான் இருக்கும்; மின்னேற்றத்துக்கு மட்டும் வரும் மலிவான கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. கோப்புகளை அனுப்பிப் பழகிய கேபிளைப் பயன்படுத்து.

இனி கம்பிகளைப் பற்றி. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படி, அம்மா.

பைக்கோவின் பின்கள், அதாவது கம்பிகளை இணைக்கும் கால்கள், 3.3 வோல்ட்டில் இயங்குபவை. ஊனோ 5 வோல்ட்டில் இயங்குவதால், இணையத்தில் நீ காணும் பழைய சுற்றுப்படங்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டுக்கு வரையப்பட்டவை. அவற்றை அப்படியே பார்த்துப் பைக்கோவில் இணைத்தால் ஆபத்து. சில்லுக்கு வரும் மின்னழுத்தத்தைவிட அரை வோல்ட்டுக்கு மேல் எந்தப் பின்னிலும் ஏறக் கூடாது என்பது ஆர்பி2040இன் வரம்பு, அதாவது 3.8 வோல்ட். அதற்கு மேல் கொடுத்தால் உடனே புகை வரும் என்பதில்லை. பல நேரங்களில் பலகை ஓடிக்கொண்டே இருக்கும், பிறகு ஒருநாள் அந்தப் பின் மட்டும் செத்துப்போகும், நீயோ நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பாய். அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

உன் கருவிக்கு இது நேராகவே பொருந்தும். தூரத்தை அளக்க நீ வாங்கியிருக்கும் எச்.சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி உணரி 5 வோல்ட்டில் இயங்குவது. பைக்கோ அதன் டிரிகர் காலுக்கு 10 மைக்ரோ வினாடி நீளமுள்ள துடிப்பைக் கொடுத்தால், அது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் வரை எக்கோ காலை உயர்த்தி வைத்திருக்கும். பைக்கோவின் 3.3 வோல்ட் அந்த டிரிகருக்குப் போதும். ஆனால் எக்கோ காலில் வருவது 5 வோல்ட். அதை நேராகப் பைக்கோவில் இணைத்துவிடாதே. பெட்டியில் 1 கிலோ ஓம் மின்தடைகள் சில வைத்திருக்கிறேன். எக்கோவிலிருந்து ஒன்று பைக்கோவின் பின்னுக்கு வரட்டும்; அதே பின்னிலிருந்து இரண்டைத் தொடராகச் சேர்த்துத் தரைக்கு (GND என்று குறித்த பின்னுக்கு) இணை. 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.3 வோல்ட், பின்னுக்கு வந்து சேரும். பைக்கோவையும் உணரியையும் சேர்க்கும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். மின்தடைகளை மட்டும் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் துளைப்பலகை) பொருத்தி, மேல் முனைக்கு 40ஆம் பின்னிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, கீழ் முனையைத் தரையோடு சேர்த்து, நடுவில் மல்டிமீட்டரை வைத்துப் பார். 3.3 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால்தான் அடுத்த கம்பியைத் தொட வேண்டும்.

பின்களின் பெயர்கள் பலகையின் அடிப்பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. பிரெட்போர்டில் செருகிய பிறகு அவை கண்ணுக்குத் தெரியாது. கவிழ்த்துப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டால் இடமும் வலமும் மாறிப்போகும். எனவே ஒரு தாளில் பின்களை எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள். எதையும் மாற்றும் முன் யூஎஸ்பியைக் கழற்றிவிடு. பின்களின் வரிசையை நானே பற்றவைத்துத் தந்திருக்கலாம். நாற்பது பின்களை நீயே சால்டரிங் செய்தால் கை பழகிவிடும் என்பதால் அப்படியே அனுப்பினேன். சால்டரிங் கருவியின் நுனி, பின்னையும் பலகையின் செப்பையும் ஒன்றாகச் சூடாக்கட்டும், ஈயம் அந்தச் சூட்டில் உருகி ஓடட்டும். நுனியில் ஈயத்தை எடுத்துக்கொண்டு வந்து ஒட்டவைக்காதே. சன்னலைத் திறந்து வைத்துக்கொள், முடித்ததும் கையைக் கழுவு.

தொட்டியிலேயே பொருத்தும்போது எச்.சி-எஸ்ஆர்04 போதாது. அதன் இரண்டு உருளைகளும் திறந்தவை. மூடிக்கு அடியில் ஆவி படிந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். மேசையில் எல்லாம் சரியாக ஓடிய பிறகு, நீர்புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற உணரியை வாங்கிப் பொருத்து. அதற்கும் அதே மின்தடைகளை விட்டுவிடாதே. ஆனால் அது 20 முதல் 25 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தை அளக்காது. ஆகையால் தொட்டி நிரம்பி வழியும் குழாயின் மட்டத்துக்கும் உணரிக்கும் இடையே அந்த இடைவெளி இருக்கும்படி உயர்த்திப் பொருத்த வேண்டும்.

கணக்கு எளிது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் செல்லும். போய்த் திரும்பும் நேரத்தில் பாதியை எடுத்துப் பெருக்கினால் தூரம் கிடைக்கும்; ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 5,830 மைக்ரோ வினாடி. வெயில் ஏறித் தொட்டிக்குள் காற்று 40 டிகிரியானால் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 355 மீட்டராக விரைந்துவிடும். ஒரு மீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் பிழை வரும். சில்லுக்குள் ஒரு வெப்பமானி இருக்கிறதே என்று அதை நம்பாதே. அது காட்டுவது சில்லின் சூட்டைத்தான், காற்றின் சூட்டை அல்ல. திருத்தம் வேண்டுமானால் டிஎஸ்18பி20 என்ற வெப்ப உணரி ஒன்றைத் தொட்டிக்குள் தொங்கவிடு, அது 3.3 வோல்ட்டிலேயே ஓடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானே ஓடவைக்கும் ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இப்போது சேர்க்காதே. 230 வோல்ட் வரும் கம்பியில் உன் பழக்கமற்ற கை படுவதை நான் விரும்பவில்லை. இப்போதைக்கு ஒரு விளக்கும் ஒரு பஸ்ஸரும் போதும். மோட்டார் வேலையை நான் அங்கு வரும்போது, உரிமம் பெற்ற மின்பணியாளரையும் வைத்துக்கொண்டு சேர்ந்து செய்யலாம். பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டாம். பைக்கோ எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணித் தாமே அணைந்துவிடும். பழைய கைபேசி சார்ஜர் போதும்.

வைஃபை உள்ள பைக்கோ டபிள்யூவை ஏன் அனுப்பவில்லை என்று நீ கேட்பாய். கைபேசியில் நீர்மட்டம் பார்ப்பது உனக்கு இரண்டாம் வேலை. அளவு சரியாக வருவதே முதல் வேலை. அளவு உறுதியான பிறகு பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், இரண்டிலும் பின்களின் வரிசை ஒன்றேதான்.

தொட்டியின் உட்புற உயரத்தையும், வழியும் குழாய் மேலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் அளந்து எழுது. மின்தடைகளின் நடுவில் மல்டிமீட்டர் காட்டிய எண்ணையும் சேர்த்து அனுப்பு; அதைப் பார்த்த பிறகு எக்கோ கம்பியை இணைக்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா