தேவகிக்கு, மெயில் வராத சர்வர் பற்றி

பெரம்பூர், சென்னை

அன்புள்ள தேவகி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது. மெட்ரோவுக்காகத் தோண்டியது தோண்டியபடி இருக்கிறது. ஆபீஸ் போகிற பஸ் எந்தத் தெரு வழியாகச் சுற்றும் என்பது ஏறிய பிறகுதான் தெரியும்.

சரி, ஆபீஸ் மெஷின்களைக் கண்காணிக்கிற உன் மானிட்டரிங் சர்வருக்கு வருகிறேன். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30-உடன் அப்டேட் நின்றுபோனதால் அதே வகையைச் சேர்ந்த ராக்கி லினக்ஸ் 9-க்கு மாறினாய். அதற்குப் பிறகு யூபிஎஸ்ஸும் பழைய ஸ்டோரேஜ் பெட்டியும் அனுப்புகிற மெயில் உள்ளே வரவே இல்லை, ஆனால் சர்வரிலிருந்து போகிற அலர்ட் எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று எழுதியிருந்தாய். போவது ஒழுங்காக இருப்பதை வைத்து வருவதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாதுடி. இரண்டுக்கும் வழி வேறு. வருகிற மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சாஃப்ட்வேர் வாங்கி, ஏலியாஸ் ஃபைலில் (எந்த முகவரிக்கு வந்ததை எங்கே கொடுப்பது என்ற பட்டியல்) சொன்ன ஸ்கிரிப்ட்டிடம் கொடுக்கும். அந்தச் சின்ன புரோகிராம்தான் அதை மானிட்டரிங்கில் எழுதும்.

முதலில் கான்ஃபிகில் கை வைக்காதே. மெயில் எதுவரை வந்து நின்றது என்று பார். வார் லாக் டைரக்டரியில் இருக்கிற மெயில்லாக் ஃபைலை (மெயில் நடமாட்டக் குறிப்பு) டெயில் கமாண்ட் போட்டு, புது வரிகள் விழ விழத் தெரிகிற மாதிரி ஓடவிட்டு, யூபிஎஸ்ஸின் செட்டிங் பக்கத்தில் டெஸ்ட் மெயில் பட்டனை அழுத்து. 'கனெக்ட் ஃப்ரம்' என்று ஒரு வரிகூட விழவில்லை என்றால் மெயில் உன் வாசலுக்கே வரவில்லை. அந்த நிலையில் ஏலியாஸையும் ஸ்கிரிப்ட்டையும் குடைந்துகொண்டிருப்பது வீண் வேலை.

என் சந்தேகம் இங்கேதான். சென்ட்ஓஎஸ், ராக்கி மாதிரி ரெட்ஹாட் வகையறாவில் போஸ்ட்ஃபிக்ஸ் வரும்போதே இனெட்_இன்டர்ஃபேசஸ் (எந்த முகவரியில் மெயிலுக்குக் காத்திருப்பது என்ற செட்டிங்) என்பது லோக்கல்ஹோஸ்ட், அதாவது இந்த மெஷினுக்குள் மட்டும், என்று இருக்கும். எந்த வாசல் திறந்திருக்கிறது என்று காட்டுகிற எஸ்எஸ் கமாண்டில் 127.0.0.1:25 (லோக்கல்ஹோஸ்ட், மெயிலுக்கான 25-ஆம் போர்ட்) மட்டும் தெரிந்தால் விஷயம் அதுதான். வெளியிலிருந்து யாரும் பேச முடியாது. அந்த செட்டிங்கை மாற்றிய பிறகு ரீலோட் போதாது, போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய். அடுத்து ஃபயர்வால். 25-ஆம் போர்ட்டை ஊருக்கே திறக்காதே, அந்தப் பெட்டிகள் இருக்கிற நெட்வொர்க்குக்கு மட்டும் திற.

வாசல் தாண்டியதும் '554 ரிலே ஆக்சஸ் டினைட்' (செட்டிங்கைப் பொறுத்து 454 என்றும் வரும்) வந்தால் பாஸ்வேர்ட் பிரச்சினை என்று நினைத்துவிடாதே. 'இந்த முகவரி என்னுடையது இல்லை' என்று போஸ்ட்ஃபிக்ஸ் சொல்கிறது, அவ்வளவுதான். புது மெஷினுக்குப் பெயர் மாறியிருக்கும், மைடெஸ்டினேஷனில் (எந்தப் பெயர்களுக்கு வருகிற மெயில் என்னுடையது என்ற பட்டியல்) மெயில் வருகிற பெயர் இருக்காது. இங்கே எங்கள் டீம் பையன் ஒருவன் அதை விட்டுவிட்டு யூபிஎஸ்ஸின் ஐபியை மைநெட்வொர்க்ஸில் (வெளி முகவரிக்கும் மெயில் அனுப்ப விடுகிற நம்பிக்கையான மெஷின்களின் பட்டியல்) சேர்த்தான். 554 மறைந்தது. அடுத்த நிமிஷம் 'லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்' (என்னிடமே திரும்பி வருகிறது) என்று பவுன்ஸ். பின்னே? வேறு யாருக்கோ வந்த மெயில் என்று போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொண்டு, அதை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று டிஎன்எஸ்ஸில் தேடினால், டிஎன்எஸ் அதே சர்வரையே காட்டுகிறது.

கடைசிப் படி ஸ்கிரிப்ட். நீ ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள யூசர்) இருந்து கையால் ஓட்டிப் பார்த்திருப்பாய், ஓடியிருக்கும். ஏலியாஸ் ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாக இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த ஸ்கிரிப்ட்டை அனுமதி எதுவும் பெரிதாக இல்லாத நோபடி என்ற யூசராகத்தான் ஓட்டும். மானிட்டரிங் டைரக்டரியில் நோபடிக்கு எழுத அனுமதி ஏது? சில நேரம் எஸ்இலினக்ஸ் என்கிற பாதுகாப்பு அமைப்பும் தடுக்கும். அதை மொத்தமாக அணைக்காமல் ஆடிட் லாக்கைப் பார். இன்னொன்று: ஸ்கிரிப்ட் உள்ளே தோற்றாலும் முடியும்போது எக்சிட் கோட் 0 ('எல்லாம் சரி' என்ற எண்) கொடுத்தால் லாக்கில் 'ஸ்டேட்டஸ்=சென்ட்' என்றுதான் வரும். எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. எழுத முடியாவிட்டால் 75 கொடுக்கச் சொல். மெயில் க்யூவில் (காத்திருக்கும் வரிசையில்) நிற்கும், போஸ்ட்ஃபிக்ஸ் திரும்ப முயற்சி செய்யும். 1 கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடும்.

டிஸ்க்கையும் பார்த்துவிடு. க்யூ இருக்கிற இடத்தில் மெசேஜ் சைஸ் லிமிட்டைப் போல ஒன்றரை மடங்கு காலி இல்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் 452 (இடம் போதவில்லை) சொல்லி எதையும் வாங்காது. ஒழுங்கான மெயில் சர்வர் என்றால் அப்புறம் மறுபடி முயற்சி செய்யும், போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை வைத்திருக்கும். உன் யூபிஎஸ் மாதிரிப் பெட்டிகளில் பல ஒரு தடவை கேட்டுவிட்டு மறந்துவிடும்.

மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கிறதா, 2023 டிசம்பர்? கரண்ட் போனதும் எங்கள் யூபிஎஸ் 'பேட்டரியில் ஓடுகிறேன்' என்று மெயில் அனுப்பியது. நடுவில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் யூபிஎஸ்ஸில் இல்லாமல் சாதா பிளக்கில் இருந்ததால் அது அதற்கு முன்பே அணைந்துவிட்டது, மெயில் வந்து சேரவில்லை. மானிட்டரிங் திரையில் எல்லாம் பச்சை. அதற்குப் பிறகு, யூபிஎஸ் இருக்கிற அதே ஸ்விட்ச்சில் ஒரு சின்ன மெஷினை வைத்து, மணிக்கு ஒரு மெயில் அதே முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். இரண்டு மணி நேரம் வராவிட்டால் ஜாபிக்ஸ் என்ற மானிட்டரிங் சாஃப்ட்வேர் கத்தும், நோடேட்டா என்ற ஃபங்ஷன் அதற்குத்தான் இருக்கிறது. மேனேஜர் 'வெட்டி மெயில்' என்றார். நான் எடுக்கவில்லை. நீயும் ஒன்று போட்டுவை.

இதெல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால் லாக்கிலிருந்து அந்த நேரத்து வரிகளை அப்படியே அனுப்பு, உன் ஊகத்தைக் கலக்காமல். பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் போட்ட டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் இருக்கிறது. கன்ஃபர்ம் ஆனால் மூன்று பேரும் வருகிறோம். அம்மாவிடம் சொல்லிவை, சொதி வேண்டும்.

அன்புடன்,
வசந்தி